அவளுடைய இரத்தம் அவளுக்கு ஆகாது

பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சான்றிதழ். தங்கநிற ஓரம், நடுவில் மை தடவிப் பதித்த குழந்தைப் பாதம், கீழே ஒரு நீண்ட எண். அந்தத் தாய் அதை என் மேசையில் வைத்து, இரண்டு கையாலும் நீவிவிட்டாள்.

“மிசி, இவள் பிறந்தபோதே தொப்புள்கொடி இரத்தத்தைச் சேர்த்து வைத்துவிட்டோம். இன்னும் தவணை கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அதை எடுத்து இவளுக்கு ஏற்றிவிட்டால் சரியாகிவிடும் இல்லையா?”

அது 2012. மடியில் இருந்த பெண் குழந்தைக்குப் பத்து மாதம். பீட்டா தலசீமியா மேஜர் என்ற பிறவி இரத்த நோய் என்று ஈப்போவில் உறுதிசெய்து பத்து நாள்கூட ஆகவில்லை. நான் சொன்ன பதில் சரிதான். சொன்ன விதம் சரியில்லை. “அந்த இரத்தத்திலும் இதே நோய்தான் இருக்கிறது” என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். குழந்தை உறையின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தது. அதையும் மெதுவாக விடுவித்து உள்ளே வைத்தாள்.

நான் பேராக்கில் ஒரு தோட்டப் பட்டணத்தில் தாய்சேய் நலத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சாருக்குப் போகிற வழியில் இப்படி நாலைந்து ஊர்கள் உண்டு. எந்த ஊர் என்று சொன்னால் வீட்டு எண்ணையும் சேர்த்துச் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன். சிகிச்சை அளித்த மருத்துவர்கள் இதை எழுதியிருந்தால் வயது, எடை, அணு எண்ணிக்கை, முடிவு என்று நான்கு பத்தியில் முடித்திருப்பார்கள். கொடி இரத்தச் சிகிச்சை ஒரு குடும்பத்துக்குள் எப்படி நடக்கிறது என்பது அந்த நான்கு பத்தியில் அடங்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

வீடும் நோயும்

குடும்பம் தோட்டத்து லயத்திலிருந்து வந்தது. பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது லயம் போயிற்று. இப்போது பட்டணத்து ஓரத்தில் ஒரு தாமான் வீடு. தகப்பன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். தாய் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. தகப்பனின் தாய், அதாவது பாட்டி, முப்பத்து நான்கு வருடம் பால் வெட்டியவள். தகப்பன் கட்டியிருப்பது சொந்த அத்தை மகளை.

இந்தக் கடைசித் தகவலை ஊர் உடனே பிடித்துக்கொண்டது. “சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான்” என்று கோவில் வாசலிலேயே சொன்னார்கள். அதில் பாதி உண்மை. ஒரே தாத்தாவிடமிருந்து வந்த பிழையான மரபணு இரண்டு பக்கமும் இருக்கும் வாய்ப்பு சொந்தத்தில் கூடுதல். ஆனால் ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு குடும்பத்துப் பிள்ளைகள், இருவருமே கடத்திகளாக, அதாவது நோயில்லாமல் பழுதான மரபணுவை மட்டும் சுமப்பவர்களாக, இருந்து கட்டிக்கொண்டு, இதே நோயோடு பிள்ளை பெற்றதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மலேசியாவில் தலசீமியா இந்தியர்களைவிட மலாய்க்காரர், சீனர், சபா கடசான்டூசுன் மக்களிடம்தான் அதிகம். அவர்கள் அத்தை மகளைத் தேடிக் கட்டுகிறவர்கள் அல்லர்.

எனக்கு உறுத்துவது வேறு. தாயின் கர்ப்பகாலப் புத்தகத்தில் ஹீமோகுளோபின் 9.6 என்று இருக்கிறது. பக்கத்திலேயே சிவப்பணுவின் சராசரி அளவு 64. குறைந்தது எண்பது இருக்க வேண்டும். “இரத்தம் குறைவு, இரும்புச்சத்து மாத்திரை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பது நான். தோட்டத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு இரத்தம் குறைவுதான். கை பழகிய வேகத்தில் எழுதிவிட்டேன். சிவப்பணு இவ்வளவு சிறுத்திருந்தால் ஹீமோகுளோபின் ஏ2 அளவைப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளை நோயோடு வந்த பிறகு பார்த்தார்கள்: தாய்க்கு 5.2 விழுக்காடு, தகப்பனுக்கு 5.4. மூன்றரை, நான்குக்கு மேல் போனாலே கடத்தி என்று பொருள்.

கடத்திக்கு நோய் இல்லை. இரண்டு பீட்டா குளோபின் மரபணுவில் ஒன்று பழுது, ஒன்று நல்லது, அது போதும். இரண்டும் பழுதானவற்றைப் பெற்ற பிள்ளைக்குத்தான் சிவப்பணு எலும்பு மஜ்ஜையிலேயே செத்துப்போகிறது. இந்தப் பெண் எட்டாம் மாதத்தில் வெளுத்து, வயிறு உப்பி, ஹீமோகுளோபின் 5.1இல் வந்தாள். அன்றிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஈப்போவில் இரத்தம். ஒவ்வொரு பை இரத்தத்தோடும் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. மனித உடல் ஒரு நாளைக்கு வெளியேற்றுவது ஒன்று, இரண்டு மில்லிகிராம். மீதி கல்லீரலிலும் இதயத்திலும் படிகிறது. அதை இழுத்து வெளியேற்ற, இரண்டு வயதிலிருந்து வாரத்தில் ஐந்து இரவு, தோலுக்கடியில் ஊசி வைத்துப் பத்து மணி நேரம் பம்ப் மூலம் டெஸ்ஃபெரால். இரவுப் பணி முடிந்து வந்த தாய் விளக்கைப் போடாமல், கைப்பேசி வெளிச்சத்தில் ஊசி இருக்கும் தொடையைத் தடவிப் பார்ப்பாளாம், வீங்கியிருக்கிறதா என்று.

சான்றிதழின் விலை

சான்றிதழைக் கொடுத்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஆறாம் மாதக் கர்ப்பத்தில் ஒரு விற்பனையாள் வீட்டுக்கே வந்து, “எழுபது, எண்பது நோய்களுக்கு மருந்து, பிள்ளைக்கு நீங்கள் எடுக்கும் காப்புறுதி” என்று சொல்லியிருக்கிறான். எண்ணிக்கை பொய்யல்ல. கொடி இரத்தத்திலும் மஜ்ஜையிலும் இருக்கிற, இரத்த அணுக்களை உருவாக்கும் குருத்தணுக்களை ஏற்றிச் சிகிச்சையளிக்கக்கூடிய நோய்களின் பட்டியல் உண்மையாகவே நீளமானது: இரத்தப் புற்று, மஜ்ஜைச் செயலிழப்பு, தலசீமியா, அரிவாளணு நோய், சில நோயெதிர்ப்புக் குறைபாடுகள், வளர்சிதைமாற்றக் கோளாறுகள். ஆனால் அந்தப் பட்டியலில் பெரும்பகுதி பிறவி நோய். பிறவி நோய்க்குப் பிள்ளையின் சொந்தக் கொடி இரத்தம் உதவாது. பழுது அதற்குள்ளேயும் இருக்கிறது. சிறுபிள்ளைகளின் இரத்தப் புற்றிலும், பின்னால் புற்றாக மாறப்போகிற அணுக்கள் பிறக்கும்போதே இரத்தத்தில் இருந்திருக்கலாம் என்பதால் மருத்துவர்கள் சொந்த இரத்தத்தை விரும்புவதில்லை. அந்தப் பட்டியலில் இருக்கிற மருந்து அனேகமாக வேறொருவருடைய இரத்தம் என்பதை விற்பனையாள் சொல்லவில்லை. பொய் சொல்லாமலே ஏமாற்றும் கலை இது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, காப்புறுதி மாதிரி தனியார் வங்கியில் சேர்த்து வைப்பதைப் பரிந்துரைக்கவில்லை; பொது வங்கிக்குக் கொடுக்கச் சொல்கிறது. ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு: குடும்பத்தில் ஏற்கெனவே நோயுள்ள பிள்ளை இருந்தால், அடுத்து பிறக்கிற பிள்ளையின் கொடி இரத்தத்தை அதற்கென்று சேர்க்கலாம்.

இந்த மருத்துவமே அந்த விதிவிலக்கிலிருந்துதான் பிறந்தது. 1988 அக்டோபரில் பாரிஸ் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியான் குளுக்மான் என்ற மருத்துவர், ஃபான்கோனி இரத்தசோகை இருந்த ஐந்து வயது அமெரிக்கச் சிறுவனுக்கு அவனுடைய புதிதாய்ப் பிறந்த தங்கையின் கொடி இரத்தத்தை ஏற்றினார். உறையவைத்து அமெரிக்காவிலிருந்து விமானத்தில் வந்த இரத்தம். அதுவரை நஞ்சுக்கொடியோடு சேர்த்து எறிந்ததைத்தான் ஏற்றினார்கள். பையன் பிழைத்தான். 1990களின் தொடக்கத்தில் நியூயார்க் இரத்த மையத்தில் முதல் பொது வங்கி வந்தது. மலேசியாவில் மஜ்ஜை மாற்று 1987இலேயே மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கிவிட்டது என்பதால், இதற்கெல்லாம் அயல்நாடு போக வேண்டிய தேவை இந்தக் குடும்பத்துக்கு இருக்கவில்லை.

பதினாறில் மூன்று

இரண்டாவது பிள்ளை வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தது 2014இல். இதைப் பற்றி வெளியில் நிறையப் பேசினார்கள். மூத்தவளுக்கு மருந்தாக ஒரு பிள்ளையைப் பெறுவது முறையா என்று ஒரு பள்ளி ஆசிரியர் என்னிடமே கேட்டார். நான் தாயிடம் கேட்டுப் பார்த்தேன். “மிசி, எல்லாரும் இரண்டாவது பிள்ளை எதற்குப் பெறுகிறார்கள்? மூத்ததற்குத் துணையாக இருக்கட்டும் என்றுதானே?” என்றாள். அதற்குமேல் அந்த ஆசிரியருக்குச் சொல்ல எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

கணக்கை மட்டும் தெளிவாகச் சொன்னோம். பிறக்கப்போகும் பிள்ளைக்கும் தலசீமியா மேஜர் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. வராமலிருக்க நான்கில் மூன்று. திசுப் பொருத்தம், அதாவது எச்.எல்.ஏ., உடன்பிறப்புகளுக்குள் முழுமையாக ஒத்துப்போகும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பீட்டா குளோபின் மரபணு பதினோராம் குரோமோசோமில் இருக்கிறது, எச்.எல்.ஏ. ஆறாம் குரோமோசோமில். ஒன்று மற்றதைப் பாதிக்காது. ஆகவே இரண்டையும் பெருக்க வேண்டும்: பதினாறில் மூன்று. கடத்தியாக இருந்தாலும் கொடையாளியாக இருக்கலாம். அதில் தடை இல்லை.

தகப்பன் கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணிவிட்டுச் சொன்னான்: “நாலு நம்பர் லாட்டரி எடுப்பதைவிட இது பரவாயில்லை.” பாட்டி அவனை முறைத்தாள்.

2015இல் கர்ப்பம். பன்னிரண்டாவது வாரம் கோலாலம்பூரில் நஞ்சுத் திசுவை எடுத்துப் பரிசோதித்ததில் ஆண் குழந்தை கடத்தி மட்டும்தான் என்று தெரிந்தது. பொருத்தம் பிறந்த பிறகுதான் தெரியும். அதாவது பொருந்துமா என்று தெரியாமலே இரத்தத்தைச் சேகரித்தாக வேண்டும். மாற்றுச் சிகிச்சை மையம் ஒரு பெட்டி அனுப்பியது: உறைவெதிர்ப்பு மருந்து உள்ளே இருக்கும் பை, அதோடு சேர்ந்த ஊசியும் குழாயும், பெயர்ச்சீட்டுகள், எழுத்துப்பூர்வக் குறிப்பு. பாட்டி அதைச் சாமி மேடைக்குக் கீழே வைத்தாள்.

தீபாவளிக்கு முந்திய இரவு

பிரசவம் நவம்பர் கடைசியில் என்று நாள் குறித்திருந்தது. நவம்பர் 9ஆம் தேதி, விடிந்தால் தீபாவளி. முறுக்கு பிழிந்துகொண்டிருந்தவளுக்குப் பனிக்குடம் உடைந்தது. தகப்பன் லோரியோடு தைப்பிங் பக்கம் போயிருந்தான். ஈப்போவுக்கு அனுப்பிய ஆம்புலன்ஸில் துணைக்குப் போன தாதி நான். வண்டி கிளம்பும்போதுதான் ஞாபகம் வந்து, “பெட்டி?” என்றேன். பாட்டி முந்தானையை விலக்கிக் காட்டினாள். மடியில் இருந்தது. மேலே விபூதி பூசியிருந்தாள்.

இரவு பதினொன்றரைக்குப் பையன் பிறந்தான். முப்பத்தேழு வாரம், 2.8 கிலோ.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பிறந்தவுடன் கொடியைக் கவ்வியால் இறுக்கிவிட்டால் நஞ்சில் தங்குகிற இரத்தம் அதிகம். பையில் அதிகம் சேரும். ஒரு நிமிடமாவது பொறுத்து இறுக்கினால் அந்த இரத்தம் குழந்தைக்குப் போகும், இரும்புச்சத்துக் குறையாது. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நிமிடத்துக்கு முன்னால் இறுக்க வேண்டாம் என்கிறது. அக்காவுக்கு வேண்டியதும் தம்பிக்கு வேண்டியதும் ஒரே கொடியில். பிரசவம் பார்த்த மருத்துவர் இளம் பெண். “பிறந்திருப்பவன்தான் என் நோயாளி. அக்கா அடுத்துதான்” என்று சொல்லிவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றார். அவர்மேல் எனக்கு அன்று வந்த மரியாதை இன்னும் இருக்கிறது.

பிறகு கை வேகம். கொடியை அயோடினால் துடைத்தார்கள். கொடிக்குள் மூன்று குழாய். இரண்டு மெல்லிய தமனி, ஒரு பருத்த சிரை. சிரையில் ஊசி. பை கட்டிலுக்குக் கீழே தொங்கியது. நஞ்சு இன்னும் கருப்பைக்குள்ளேயே இருந்ததால் கருப்பை சுருங்கும்போதெல்லாம் இரத்தம் விரைந்து இறங்கியது. ஒரு தாதி பையைத் தொட்டிலாட்டுகிற மாதிரி ஆட்டிக்கொண்டே இருந்தாள், ஆட்டாவிட்டால் உறைந்துவிடும். மூன்று நிமிடத்தில் ஊதாவாகப் புடைத்திருந்த கொடி தளர்ந்து, வெளுத்து, ஈரத் துணிமாதிரி ஆயிற்று. பையைத் தராசில் வைத்து, பையின் எடையையும் மருந்தின் எடையையும் கழித்தார்கள். 84 மில்லிலிட்டர்.

வெளியில் வந்து பாட்டியிடம் சொன்னேன். அவளுக்கு மில்லிலிட்டர் புரியவில்லை. “எத்தனை மங்கு?” என்றாள். பால் மரத்தில் கட்டும் மங்குதான் அவளுக்கு அளவு. “அரை மங்குகூட வராது பாட்டி” என்றேன். முகம் விழுந்துவிட்டது. அப்புறம் அவளே, “விடியற்காலையில் வெட்டினால்தான் பால் ஒழுகும். இது நடுராத்திரி. அப்படியிருக்க இவ்வளவு வந்ததே பெரிது” என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். நஞ்சைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நம் நாட்டு மருத்துவமனைகளில் கேட்டால் கொடுப்பார்கள். வீட்டுக்குப் பின்னால் தென்னைக்கருகில் புதைத்ததாகப் பிறகு சொன்னாள்.

மறுநாள் பொது விடுமுறை. பெட்டியை எடுத்துப்போக ஏற்பாடு செய்திருந்த ஆள் வரவில்லை. விடியற்காலை வந்து சேர்ந்த தகப்பன், குளிக்காமல்கூட, மைத்துனன் காரில் பெட்டியைப் பக்கத்து இருக்கையில் வைத்து வார் போட்டுக்கொண்டு 200 கிலோமீட்டர் ஓட்டினான். ஐஸ் வைக்கக் கூடாது, வெயில் படக் கூடாது, அவ்வளவுதான் நான் சொன்னது. மையத்தில் மாலைக்குள் பிரித்து, எண்ணி, உறையவைத்துவிட்டார்கள். திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 பாகை. எண்ணிக்கை 63 கோடி அணு.

மூன்று வாரம் கழித்துப் பொருத்தம் வந்தது. முழுப் பொருத்தம்.

எடை கூடினால் கணக்குக் குறையும்

கொடி இரத்தத்தின் பலவீனம் அளவுதான். நோயாளியின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் குறைந்தது இரண்டரை, மூன்று கோடி அணுவாவது வேண்டும். தலசீமியாவில் உடல் ஒட்டை, அதாவது ஏற்றிய புதிய அணுக்களை, தள்ளிவிடும் ஆபத்து கூடுதல் என்பதால் இன்னும் தாராளமாக இருந்தால் நல்லது. தம்பி பிறந்தபோது அக்காவுக்கு எடை 14 கிலோ. 63ஐ 14ஆல் வகுத்தால் கிலோவுக்கு நாலரைக் கோடி. அன்றே ஏற்றியிருக்கலாமே என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். உடலில் தங்கிய இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 2,900 இருந்தது. கல்லீரல் விலா எலும்புக்குக் கீழே மூன்று சென்டிமீட்டர் தெரிந்தது. இத்தாலியின் பெசாரோ நகரில் குய்டோ லுக்கரெல்லி வகுத்த கணக்கில் கல்லீரல் வீக்கம், கல்லீரல் தழும்பு, ஒழுங்காக இரும்பு இறக்காத வரலாறு ஆகிய மூன்றும்தான் மாற்றின் தலையெழுத்தை நிர்ணயிக்கின்றன. முதலில் இரும்பை இறக்குங்கள் என்றார்கள்.

ஒன்றரை ஆண்டு அந்த வீடு பம்பை ஓர் இரவும் தவறவிடவில்லை. ஃபெரிட்டின் 1,400க்கு வந்தது. பிள்ளையும் தேறி 17.5 கிலோ ஆனாள். சாதாரண வீட்டில் எடை கூடினால் சந்தோஷப்படுவார்கள்; இங்கே தாய் ஒவ்வொரு மாதமும் தராசைப் பார்த்துக் கவலைப்பட்டாள். 63ஐ 17.5ஆல் வகுத்தால் 3.6. உறைநிலையிலிருந்து உருக்கும்போது ஐந்தில் ஒரு பங்கு அணு அழியும் என்று வைத்தால், கைக்கு வருவது கிலோவுக்கு மூன்று கோடிக்கும் கீழே.

அதனால் மருத்துவர்கள் தம்பியிடமிருந்து கொஞ்சம் மஜ்ஜையும் எடுத்துச் சேர்க்கலாம் என்றார்கள். ஒன்றே முக்கால் வயது, 11 கிலோ. மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து 110 மில்லிலிட்டர். இங்கேதான் பாட்டி முதல்முறையாக எதிர்த்தாள். “கொடியில் இருந்ததை எடுத்தீர்கள், அது புதைக்கிற பொருள். இது உடம்பில் இருக்கிறது. அவனைக் கேட்டீர்களா?” என்றாள். கேட்க முடியாது என்பதுதான் உண்மை. மையத்தில் தம்பிக்கென்று தனியாக ஒரு மருத்துவரை வைத்து, அவனுக்கு இது ஏற்றதா என்று பார்க்கச் சொன்னார்கள். அவர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு சம்மதித்தார். பாட்டி சம்மதிக்கவில்லை. ஆனாலும் மருத்துவமனைக்குப் பையனைத் தூக்கிக்கொண்டு போனவள் அவள்தான்.

பூண்டு வாடை

2017 ஜூலை. புசல்ஃபான், ஃப்ளூடராபின், தயோடெப்பா என்று மருந்துகள் எட்டு நாள். பழைய மஜ்ஜையை முழுக்கக் காலி செய்யாமல் புதியது உட்காராது. முடி கொட்டியது, வாயெல்லாம் புண், எச்சில்கூட விழுங்க முடியவில்லை.

ஏற்றும் நாளான பூஜ்ஜிய நாளன்று முதலில் மஜ்ஜை, பிறகு கொடி இரத்தம். 63 கோடி அணுவும் ஒரு சிறிய தட்டைப் பையில் வந்தன. வெந்நீர்த் தொட்டியில் உருக்கி, சில நிமிடத்தில் ஏற்றி முடித்துவிட்டார்கள். உறையவைக்கும்போது அணுக்களைக் காக்கச் சேர்க்கும் டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற பொருள் மூச்சில் வெளியேறும்போது பூண்டு வாடை அடிக்கும். அறை முழுக்க அதே வாடை. தாதிகள் முன்னெச்சரிக்கையாக மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். தாய் என்னிடம் தொலைபேசியில் சொன்னது: “மிசி, பிள்ளை பெற்ற வீட்டு வாசனை அடிக்கிறது. பத்தியத்துக்குப் பூண்டு வதக்குவார்களே, அப்படி.”

இருபத்தோராம் நாள் வெள்ளையணு தலைதூக்கியது. நாற்பத்தோராம் நாளுக்குப் பிறகு தட்டணு ஏற்றத் தேவைப்படவில்லை. இடையில் முப்பத்தெட்டாம் நாள் சைட்டோமெகலோ வைரஸ் கிளம்பி, இரண்டு வாரம் மருந்து. புதிய அணுக்கள் குடிவந்த வீட்டையே தாக்கும் எதிர்வினை தோலில் மட்டும், லேசாக வந்து, ஸ்டீராய்டில் அடங்கியது. கொடி இரத்தம் கலந்திருந்ததால், இந்த எதிர்வினையைத் தடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டைக் கொடுக்கவில்லை. அது கொடி இரத்த ஒட்டைக் கெடுக்கிறது என்பது 2003லேயே தெரிந்த விஷயம்.

நூறாம் நாள் அவள் இரத்தத்தில் 92 விழுக்காடு தம்பியுடையது. ஆறாம் மாதம் 78க்கு இறங்கியது. அந்த மாதம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு 80இல் நின்றது. இன்றுவரை அங்கேதான் நிற்கிறது. ஐந்தில் ஒரு பங்கு பழைய மஜ்ஜை மிச்சமிருந்தாலும் ஹீமோகுளோபின் 10.8. கடைசியாக இரத்தம் ஏற்றியது 2017 ஆகஸ்ட். அடுத்த ஆண்டு, உள்ளே தங்கிய இரும்பை இறக்க அவளிடமிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் இரத்தம் எடுத்தார்கள். ஆறு வருடம் ஏற்றிக்கொண்டிருந்த கையில், அதே கட்டிலில், பை இப்போது கீழே தொங்கியது. பாட்டி அதைப் பார்க்க ஈப்போவுக்கே வந்தாள்.

எது வேலை செய்தது

இது கொடி இரத்தத்தின் வெற்றியா என்று கேட்டால், சொல்ல முடியாது. மஜ்ஜையும் கொடியும் ஒரே பையனுடையவை, மரபணு ஒன்றே. எந்தப் பரிசோதனையாலும் இந்த அணு மஜ்ஜையிலிருந்து வந்தது, அந்த அணு கொடியிலிருந்து வந்தது என்று பிரித்துக் காட்ட முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு விளம்பரத் தாளில் இதே போன்ற நிகழ்வைக் கொடி இரத்தத்தின் சாதனை என்று மட்டும் அச்சடித்திருந்தார்கள். மஜ்ஜையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

தனியாகக் கொடுத்தாலும் கொடி இரத்தம் மோசமில்லை. பிராங்கோ லொகாட்டெல்லி குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், உடன்பிறப்பிடமிருந்து மாற்றுப் பெற்ற 485 நோயாளிகளில் மஜ்ஜை பெற்றவர்கள் 389 பேர், கொடி இரத்தம் பெற்றவர்கள் 96 பேர். தலசீமியாவுக்கு மஜ்ஜை பெற்றவர்களில் ஆறாண்டு முடிவில் நோயின்றி இருந்தவர்கள் 86 விழுக்காடு, கொடி இரத்தம் பெற்றவர்களில் 80. உயிர் வாழ்ந்தவர்கள் இரு பக்கமும் 95க்குக் குறையவில்லை. அணு உட்காரத் தாமதமாகும், ஆனால் வீட்டைத் தாக்கும் எதிர்வினை குறைவு. பெற்றோரில் ஒருவரின் பாதிப் பொருத்தமுள்ள மஜ்ஜையைக் கொடுக்கும் முறை இப்போது தேறிவிட்டதால் கொடி இரத்தத்தின் தேவையே குறைந்து வருகிறது. மரபணுச் சிகிச்சைக்கும் அனுமதி வந்துவிட்டது. அமெரிக்காவில் 2022இல் ஒன்றுக்குக் கிடைத்தபோது விலை 28 லட்சம் டாலர். லோரிக்காரன் வீட்டில் அதைப் பற்றிப் பேசி என்ன பயன்?

இந்த நிகழ்வில் பலித்தது ஒன்று: யாருக்காக எடுக்கிறோம் என்று தெரிந்து எடுத்தார்கள். பெட்டி வீட்டில் இருந்தது, பாட்டி மறக்கவில்லை, தகப்பன் ஓட்டினான். முதல் பிள்ளையின் தங்க ஓரச் சான்றிதழுக்குக் கட்டிய பணத்தில் இதில் எதையும் வாங்க முடியாது. அந்தத் தவணையை 2014இல் நிறுத்தச் சொன்னது நான்தான். நிறுத்தினார்கள். சான்றிதழைத் தாய் தூக்கி எறியவில்லை. பாதச்சுவடு இருக்கிறதே என்றாள்.

கணக்கில் எழுத வேண்டிய செலவு இன்னொன்று உண்டு. புசல்ஃபான் சினைப்பையைப் பாதிக்கும் மருந்து. பதின்மூன்று வயதாகியும் அவள் பெரியவளாகவில்லை. ஹார்மோன் மாத்திரை கொடுத்துத்தான் உடலை நகர்த்துகிறார்கள். பாட்டி சடங்குக்காக எடுத்து வைத்த புடவை அலமாரியில் இருக்கிறது. பிற்காலத்தில் அவள் சினைமுட்டையில் பிள்ளை உருவாகுமா என்பது கேள்விக்குறிதான். உருவானால் அந்தப் பிள்ளை குறைந்தது கடத்தியாகவாவது இருக்கும். இரத்தம் மாறியதே தவிர, சினைமுட்டையில் இருக்கிற மரபணு பழையதுதான்.

இது அவளுக்குத் தெரியும். போன தீபாவளிக்கு வந்தபோது அவளுக்குப் பதினான்கு வயது, இரண்டாம் படிவம். இரத்த வகை பி ஆகப் பிறந்தவள், இப்போது தம்பியைப் போல ஓ. தம்பி அவளை “என் இரத்தத்தைத் திருப்பிக் கொடு” என்று மிரட்டிக்கொண்டிருந்தான். அவள் முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டாள்:

“மிசி, நான்காம் படிவத்தில் எல்லாருக்கும் தலசீமியாப் பரிசோதனை செய்கிறார்களே, 2016லிருந்து. என் இரத்தத்தை எடுத்தால் தம்பியின் முடிவுதானே வரும்?”

“பெரும்பாலும் அப்படித்தான் வரும். கடத்தி என்று எழுதிவிடுவார்கள்.”

“அது தப்புத்தானே?”

அவளுடைய மருத்துவப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். முதல் பக்கத்தைத் திறந்து, சிவப்புப் பேனாவால், மலாயில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் எழுதினேன்: குருத்தணு மாற்று செய்யப்பட்டவர், இரத்தப் பரிசோதனையின் முடிவு இவருடைய பிறவி மரபணுவைக் காட்டாது. எழுதி முடித்துக் கீழே கையெழுத்துப் போட்டேன். அவள் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, மை காயும்வரை புத்தகத்தை மூடாமல் வைத்திருந்தாள்.